சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னும்? 1 வாட் ஐசொலேட்டட் சப்ளைக்குக் கன்ட்ரோலர் ஐசி தேடிய கதை

பெட்டி சின்னதுதான். போர்வெல் மோட்டார் பேனலுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும். கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து வைத்துக்கொண்டு, பேனலில் இருக்கும் பிஎல்சி (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) கேட்கும்போது ஆர்எஸ்-485 என்ற தொடர்பு ஒயர் வழியாகச் சொல்லும். கரண்ட் போனாலும் அளப்பது நிற்கக் கூடாது என்பதால் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி இரண்டு தொடரில் இருக்கும். கூரையில் ஒரு சோலார் பலகை. கோயம்புத்தூரில் பம்ப் தொழிலைச் சுற்றிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பெட்டி புதிதில்லை.

இதற்குள் எங்கள் தலைவலி ஒரு மூலையில் இருந்தது. 24 வோல்ட்டை வாங்கி, பேட்டரியின் மைனஸோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத 5 வோல்ட் தரும் சப்ளை. ஐசொலேட்டட் என்பது அதைத்தான். உச்ச லோடு 200 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டோம், ஆக 1 வாட். இதற்கு எந்த கன்ட்ரோலர் ஐசி போடுவது என்பதுதான் கேள்வி. இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆயிற்று.

ஐசொலேஷன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: பேனலில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி இருக்கிறது. அதன் எர்த்தும் எங்கள் பேட்டரி மைனஸும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நம்பினால் ஆபத்து. ஆர்எஸ்-485 தரநிலைப்படி ரிசீவர் தாங்க வேண்டிய காமன் மோடு (இரண்டு ஒயரும் சேர்ந்து ரிசீவரின் கிரவுண்டிலிருந்து விலகும் வோல்ட்டேஜ்) எல்லை -7 முதல் +12 வோல்ட். அதைத் தாண்டினால் முதலில் பேச்சு குழறும், பிறகு ஐசி போகும். ஐசொலேஷன் இல்லாத முதல் மாடலில் இரண்டு ட்ரான்ஸீவர் (ஆர்எஸ்-485 ஒயரில் பேசவும் கேட்கவும் செய்யும் ஐசி) கருகிய பிறகுதான் இந்தக் கதையே தொடங்கியது.

லோடு எங்கே வாழ்கிறது

இன்புட் பக்கம் எளிது. பேட்டரி இறங்கினால் 21 வோல்ட், சார்ஜர் முழு வேகத்தில் இருந்தால் 29.4. காண்டாக்டர் காயில் விடுபடும்போது துள்ளும் சர்ஜையும் நீளமான ஒயரில் இறங்கும் வோல்ட்டேஜையும் சேர்த்து 18 முதல் 36 என்று எழுதிக்கொண்டோம்.

அவுட்புட் பக்கம்தான் கவனிக்க வேண்டியது. ஐசொலேட் ஆன பக்கத்தில் இருப்பவை ஒரு ட்ரான்ஸீவர், தடுப்பைத் தாண்டிச் சிக்னலை மட்டும் கடத்தும் டிஜிட்டல் ஐசொலேட்டரின் மறுபாதி, வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஒரு சின்ன ஏடிசி, கிணற்றுக்குள் தொங்கும் சென்சர். சென்சருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 4 நொடி மின்சாரம் கொடுப்போம். அப்போதுதான் 120 மில்லிஆம்பியர் வரை போகும். நாளுக்கு 144 தடவை, தடவைக்கு 4 நொடி. மொத்தம் 10 நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் லோடு 1.2 மில்லிஆம்பியர். வாட்டில் சொன்னால் வெறும் 6 மில்லிவாட்.

அப்படியானால் அந்த நேரத்தில் சப்ளையையே அணைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பிஎல்சி எந்த நொடியில் கேட்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ரிசீவர் காதைத் திறந்து வைத்தபடியே இருக்க வேண்டும்.

முழுப் பெட்டிக்கும் பேட்டரியிலிருந்து 10 மில்லிஆம்பியர் என்று பட்ஜெட் போட்டிருந்தோம். 7 ஆம்பியர்-அவரில் பாதியைத்தான் எடுப்போம் என்றால் 350 மணி நேரம், அதாவது வெயிலே இல்லாமல் 14 நாள். ஆடிச் சாரலில் பொள்ளாச்சிப் பக்கம் வானம் மூடிக்கொண்டால் அந்த 14 நாளின் அருமை தெரியும்.

நான் முதலில் செய்த தப்பு இங்கேதான். 1 வாட் லோடில் எந்த ஐசியின் எஃபிஷியன்சி எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டேன். 78, 82, 85 சதவீதம் என்று அழகாக வந்தது. நாளுக்குப் பத்து நிமிடம் கூட ஓடாத லோடுக்கு அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்வது?

பழைய நண்பர் 3843

எடுத்த எடுப்பில் கைபோனது யூசி3843-க்குத்தான். 1980-களில் யூனிட்ரோட் கொண்டுவந்த குடும்பம் அது, இன்றுவரை சாகவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் டீ, வடை விலைக்குக் கிடைக்கும். பிசி817 ஆப்டோகப்ளர் (அவுட்புட்டின் செய்தியை எல்இடி வெளிச்சத்தால் தடுப்பைத் தாண்டி அனுப்புவது), அவுட்புட்டை அளக்கும் டிஎல்431, ஸ்விட்சாக ஒரு மாஸ்ஃபெட், கையால் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஃப்ளைபேக் (ஸ்விட்ச் போட்டிருக்கும்போது ட்ரான்ஸ்ஃபார்மரில் சேர்த்து, அணைந்ததும் அவுட்புட்டுக்குக் கொடுக்கும் சப்ளை) ஓடிவிடும். பழுது பார்க்கிறவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

ஆனால் அது சும்மா இருக்கும்போது தின்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடும்போது ஐசிக்கு மட்டும் 11 மில்லிஆம்பியர் வழக்கமாக வேண்டும். ஐசிக்கு மின்சாரம் தரும் ஆக்ஸிலரி வைண்டிங் 12 வோல்ட் என்றால் அதுவே 132 மில்லிவாட். ஸ்டார்ட்-அப்புக்கு 1 மில்லிஆம்பியர் வரை கேட்கும், 8.4 வோல்ட் வந்தால்தான் கண் திறக்கும். இன்புட் 18 வோல்ட்டாக இருக்கும்போதும் எழ வேண்டுமானால் ரெசிஸ்டர் 6.8 கிலோஓமுக்கு மேல் போக மனம் வரவில்லை. அந்த ரெசிஸ்டர் எழுப்பிவிட்டுப் போய்விடுவதில்லை. 29 வோல்ட்டில் 42 மில்லிவாட்டைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். டிஎல்431-க்குக் குறைந்தது 1 மில்லிஆம்பியர், ஆப்டோவின் எல்இடிக்குக் கொஞ்சம். அதில் ஒரு 15. கூட்டினால் 190 மில்லிவாட். 6 மில்லிவாட் கொடுக்க 190 மில்லிவாட் கூலி! பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 8 மில்லிஆம்பியர் இதற்கே போனால், எங்கள் 14 நாள் ஒன்பது நாள்கூட நிற்காது.

3843-ஐ இதோடு தள்ளிவிட்டால் அது நியாயமில்லை. அதே பின் அமைப்பில் யூசிசி28சி43 இருக்கிறது. ஓடும் கரண்ட் 2.3 மில்லிஆம்பியர், ஸ்டார்ட்-அப் 50 மைக்ரோஆம்பியர் அளவு. ரெசிஸ்டரை 68 கிலோஓமுக்கு ஏற்றிவிடலாம். மொத்தக் கூலி 50 மில்லிவாட்டுக்குள் வந்துவிடும். இதையே போட்டுவிடலாம் என்று ஒரு வாரம் இருந்தேன். மனதை மாற்றியது ஆப்டோகப்ளர். சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தால் 64 டிகிரி. அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் எரியும் எல்இடியின் வெளிச்சம் மங்கும். அவுட்புட்டைச் சரிசெய்யும் லூப்பின் கெயின் மெல்ல நகரும். பேட்டரிப் பெட்டியைப் பத்து வருடம் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. தவிர, பிசி817-இன் சிடிஆர் (எல்இடி கரண்டில் எத்தனை சதவீதம் மறுபக்கம் கிடைக்கும் என்பது) 50-இலிருந்து 600 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கடையில் கேட்கும்போது எந்த கிரேடு என்று சொல்லி வாங்குகிறவர் எத்தனை பேர்?

கண்ணை மூடிப் போட்டிருக்கக்கூடியது

அடுத்து புஷ்-புல் ட்ரைவர்கள். எஸ்என்6501 ஐந்தே கால்கள் உள்ள சின்னப் பூச்சி. 5 வோல்ட் கொடுத்தால் சென்டர் டேப் ட்ரான்ஸ்ஃபார்மரை இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்கும். ஃபீட்பேக் கிடையாது, ஆப்டோ கிடையாது. ட்ரான்ஸ்ஃபார்மர் கோரில் கேப் (இடைவெளி) விட வேண்டாம். கோர் தாங்கும் வோல்ட்-செகண்ட் மட்டும் பார்த்தால் போதும். 5.5 வோல்ட், குறைந்தபட்சம் 300 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஓர் அரைச் சுற்றுக்கு 9.1 வோல்ட்-மைக்ரோசெகண்ட், அவ்வளவுதான். அதன் தம்பி எஸ்என்6505-இல் ஸ்பீடு, சாஃப்ட் ஸ்டார்ட், 1 ஆம்பியர் எல்லாம் உண்டு.

போர்டில் தாராளமான 5 வோல்ட் ரெயில் ஏற்கெனவே இருந்திருந்தால் யோசிக்காமல் இதைத்தான் போட்டிருப்பேன். எங்களிடம் இருந்தது மைக்ரோகன்ட்ரோலருக்கான 100 மில்லிஆம்பியர், 3.3 வோல்ட் ரெயில். சென்சர் எழும்போது அந்தப் பக்கம் 0.6 வாட்; வழியில் ரெக்டிஃபையரும், வோல்ட்டேஜை இறக்கிச் சீராக்கும் எல்டிஓவும் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் 3.3 ரெயிலிலிருந்து 250 மில்லிஆம்பியர் இழுக்கும். 24-ஐ 3.3 ஆக்கும் பக் கன்வர்ட்டரைப் பெரிதாக்க வேண்டும். அதே ரெயிலில்தான் பேட்டரி அளக்கும் ஏடிசியும் உட்கார்ந்திருக்கிறது. 24-இலிருந்து 3.3, அங்கிருந்து 5-க்கு மேல், திரும்ப எல்டிஓவால் 5. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் வரி. இந்த இடத்தில் வேறொருவர் பக்கைப் பெரிதாக்கி எஸ்என்6505 போட்டிருந்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கடையில் கிடைக்கும் 1 வாட் கறுப்பு மாட்யூல்கள் பற்றி ஒரு வரி போதும்: ரெகுலேஷன் இல்லை, பத்து சதவீத லோடாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வோல்ட்டேஜ் ஏறும்.

ஆப்டோ இல்லாத ஃப்ளைபேக்

கடைசியில் வந்து நின்றது எல்டி8301-இல். லீனியர் டெக்னாலஜியின் சரக்கு. 2017-இல் அந்தக் கம்பெனியை அனலாக் டிவைசஸ் வாங்கிய பிறகு அவர்கள் பெயரில் வருகிறது. 2.7 முதல் 42 வோல்ட் வரை இன்புட், உள்ளேயே 65 வோல்ட், 1.2 ஆம்பியர் ஸ்விட்ச், ஐந்து கால். வெளியே ட்ரான்ஸ்ஃபார்மர், டயோடு, இரண்டு கெப்பாசிட்டர், ஒரே ஒரு ரெசிஸ்டர்.

ட்ரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட் பக்கமான செகண்டரியின் வோல்ட்டேஜை இந்த ஐசி பார்ப்பதே இல்லை. ஸ்விட்ச் அணைந்ததும் இன்புட் பக்கமான ப்ரைமரியின் முனையில் எழும் வோல்ட்டேஜில், இன்புட்டைக் கழித்தால் மிஞ்சுவது அவுட்புட்டின் நிழல்: சுற்று விகிதத்தால் பெருக்கிய அவுட்புட், டயோடு ட்ராப் சேர்த்து. செகண்டரி கரண்ட் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் அந்த நிழலை அளக்கிறது. அதை 100 மைக்ரோஆம்பியராக மாற்றும் ரெசிஸ்டர்தான் அவுட்புட்டைத் தீர்மானிக்கிறது. விகிதம் 2, அவுட்புட் 5, டயோடு 0.4 என்றால் 10.8 வோல்ட்டை 100 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் 108 கிலோஓம். கிடைக்கிற 107-ஐப் போட்டோம்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்5180-உம் இதே இனம். 65 வோல்ட் இன்புட், 100 வோல்ட் ஸ்விட்ச். சர்ஜுக்கு அதுதான் உறுதி. ஆனால் அதன் அடிவயிற்றில் போர்டோடு சால்டர் ஆகும் ஒரு பேடு இருக்கிறது. ஹாட் ஏர் இல்லாமல் கழற்ற முடியாது. எங்கள் பெட்டியைக் கழற்றிப் பார்க்கப்போகிறவர் அன்னூரில் 25 வாட் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவர். ஐந்து கால் வெளியே தெரியும் ஐசி வேண்டும் என்றால் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதல் சாவு

முதல் போர்டுக்கு ட்ராயரில் கிடந்த 3-க்கு-1 ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டோம். மேசையில் 24 வோல்ட்டில் அருமையாக ஓடியது. களத்துக்கு அனுப்பிய இரண்டில் ஒன்று மூன்றாம் நாள் செத்துத் திரும்பியது. ஸ்விட்ச் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 2 ஓம்.

மற்றதை மேசைக்குக் கொண்டுவந்து, ஸ்கோப் ப்ரோபின் கிரவுண்டு வாலைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பிரிங்கை மாட்டி ஸ்விட்ச் காலிலேயே வைத்துப் பார்த்தேன். வால் நீளமாக இருந்தால் ப்ரோபே ரிங் அடிக்கும்; எது நிஜ ஸ்பைக், எது நம் ஒயரின் பாட்டு என்று தெரியாது. சப்ளையை மெல்ல ஏற்றினேன். 24-இல் உச்சி 57. 30-இல் 63. அங்கே நிறுத்திவிட்டேன். கணக்கு கண் முன்னால் இருந்தது: 36 வோல்ட் இன்புட், மூன்று மடங்கு 5.4, அதாவது 16.2, லீக்கேஜ் ஸ்பைக்குக்கு (செகண்டரிக்குப் போகாமல் ப்ரைமரியிலேயே மிஞ்சுவது எழுப்பும் துள்ளல்) பதினைந்து. மொத்தம் 67. ஸ்விட்சின் தாங்குதிறன் 65. ஐசி தப்பில்லை. நாங்கள் போட்ட விகிதம் தப்பு.

2-க்கு-1 என்றால் 36, 10.8, 15, மொத்தம் 62-க்குள். 18 வோல்ட்டில் பவர் போதுமா என்று பார்த்தால் ட்யூட்டி (ஸ்விட்ச் போட்டிருக்கும் நேரத்தின் பங்கு) 37.5 சதவீதம், 85 சதவீத எஃபிஷியன்சியில் 3.4 வாட் வரை தரும். எங்களுக்கு வேண்டியது 1. ஆக 2-க்கு-1, கூடவே ப்ரைமரியில் ஸ்பைக்கின் உச்சியை வெட்ட ஒரு ஜீனர் கிளாம்ப்.

ரெடிமேட் எடுக்காமல் கோயம்புத்தூர் கணபதியில் காயில் சுற்றுகிற பெரியவரிடம் கொடுத்தோம். ஈஈ13 கோர், ப்ரைமரி 16 சுற்று, செகண்டரி 8 சுற்று, செகண்டரிக்கு மூன்று அடுக்கு இன்சுலேஷன் ஒயர், 40 மைக்ரோஹென்றி வரும்படி கேப். முதல் சாம்பிளில் லீக்கேஜ் 2.1 மைக்ரோஹென்றி. ஐந்து சதவீதம், கொஞ்சம் அதிகம்தான். ப்ரைமரியை இரண்டாகப் பிரித்து நடுவில் செகண்டரியை வையுங்கள் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

“சாண்ட்விச் போடச் சொன்னாப் போட்டுடறேனுங்க தம்பி. ஆனா ரெண்டு ஒயரும் ரெண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துக்குமுங்க. அப்பறம் கெப்பாசிட்டி ஏறிப்போச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க.”

சொன்னபடியே ஆயிற்று. லீக்கேஜ் 0.7-க்கு இறங்கியது, ப்ரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் 14 பிகோஃபாரடிலிருந்து 38-க்கு ஏறியது. விஎஃப்டிக்குப் பக்கத்தில் இது சும்மா விடக்கூடியதில்லை. மைக்ரோசெகண்டுக்கு 5 கிலோவோல்ட் ஏறும் விளிம்பு 38 பிகோஃபாரடில் 190 மில்லிஆம்பியரைத் தள்ளும், 14-இல் 70. அந்தக் கரண்ட் தடுப்பைத் தாண்டி எங்கள் மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்டு வழியாகத்தான் வீடு திரும்பும். ஐசொலேஷனுக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கோரின் மேலேயே ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றி வைப்பதா? பழைய சுற்றுக்கே திரும்பினோம். ஸ்பைக்கை ஜீனர் பார்த்துக்கொள்ளட்டும்.

மீட்டர் பேட்டரி இல்லை

ஒரு சனிக்கிழமை மாலை போர்டை ஓடவிட்டுப் போனோம். திங்கள் காலையில் எங்களோடு வேலை பார்க்கும் பெண் கூப்பிட்டாள். “அண்ணா, அஞ்சு வோல்ட் 6.4 காட்டுதுங்க. மீட்டர் பேட்டரி போயிருக்கும்னு நெனைக்கறேன்.”

அவள் சந்தேகம் சரியான சந்தேகம். பேட்டரி இறங்கிய மல்டிமீட்டர் அதிகமாகத்தான் காட்டும். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. புதுப் பேட்டரி போட்டாள். 6.4-தான். சென்சரை எழுப்பினால் ஒழுங்காக 5-க்கு வருகிறது. விட்டால் மெல்ல ஏறுகிறது.

காரணம் அந்த நிழல் அளப்பதிலேயே இருக்கிறது. ஸ்விட்ச் அடித்தால்தான் அவுட்புட் எவ்வளவு என்று ஐசிக்குத் தெரியும். அடிக்காமல் இருந்தால் குருடு. அதனால் லோடு எவ்வளவு குறைந்தாலும் நொடிக்குச் சுமார் 10,000 தடவை தட்டிப் பார்த்தே தீரும். ஒவ்வொரு தட்டுக்கும் குறைந்தது 0.3 ஆம்பியர் அளவுக்குப் ப்ரைமரியில் கரண்ட் ஏற்றும். 40 மைக்ரோஹென்றியில் அது 1.8 மைக்ரோஜூல். பத்தாயிரத்தால் பெருக்கினால் 18 மில்லிவாட். 5 வோல்ட்டில் 3.6 மில்லிஆம்பியர். எங்கள் லோடு 1.2. மிச்சம் 2.4 மில்லிஆம்பியருக்குப் போக இடமில்லை. கெப்பாசிட்டரில் ஏறிக்கொண்டே போகிறது. டேட்டாஷீட்டில் மினிமம் லோடு என்று எழுதித்தான் இருக்கிறது. முழு லோடில் அரை சதவீதம் என்று பார்த்துவிட்டு, அதெல்லாம் ஒரு லோடா என்று தாண்டிப் போயிருந்தேன். அரை சதவீதம் அந்த ஐசியின் முழு லோடுக்கு, என்னுடையதுக்கு இல்லை.

இண்டக்டன்ஸைப் பாதியாக்கினால் தட்டும் பாதியாகும். ஆனால் அணைந்திருக்கும் நேரம் குறுகிவிடும். ரிங் அடங்கி நிழல் தெளிவதற்குள் கரண்ட் தீர்ந்துபோகும், அளப்பு பிசகும். 6 வோல்ட் ஜீனரை அவுட்புட்டில் போடலாம் என்றால் ஏடிசியின் உச்ச வரம்பே 6. ஆகவே 1.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்குக் குறுக்கே போட்டோம். 2.8 மில்லிஆம்பியர், 14 மில்லிவாட், எந்த நேரமும் வீண். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பேட்டரிப் பக்கம் அளந்தபோது மொத்தமே 1.3 மில்லிஆம்பியர், 3843-க்கு எட்டு வந்திருக்கும். யூசிசி28சி43-க்கும் இதற்கும் வித்தியாசம் 1 மில்லிஆம்பியருக்குள்தான். மின்கணக்கை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தேன் என்று சொன்னால் பொய். ஆப்டோ இல்லாததற்காகத் தேர்ந்தேன்.

4.6 வோல்ட்

ஐம்பது போர்டு கொண்ட முதல் தொகுதி வந்தது. டெஸ்ட் செய்ததில் நாற்பத்தாறு போர்டு 4.9-க்கும் 5.0-க்கும் நடுவில். நாலு மட்டும் 4.6. ரெசிஸ்டரைப் பார்த்தோம், டயோடை மாற்றினோம், ஐசியை மாற்றினோம். அப்படியே 4.6.

பிறகுதான் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, ப்ரைமரி ஒயரை ஒவ்வொரு சுற்றாக எடுத்து எண்ணினேன். பதினேழு. விகிதம் 2-க்குப் பதில் 2.125. 10.7-ஐ 2.125-ஆல் வகுத்தால் 5.04; டயோடு 0.4 போனால் 4.64. மீட்டர் சொன்னது அதேதான். 3843-இல் டிஎல்431 அவுட்புட்டை நேராகப் பார்க்கும். ஒரு சுற்று கூடினால் யாருக்கும் தெரியாது. இதில் சுற்று எண்ணிக்கைதான் அளவுகோல். ஆப்டோவை எடுத்த இடத்தில் கணபதிப் பெரியவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம். அவரிடம் அதை அதுவரை சொல்லவில்லை.

போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அன்றைக்குப் பேரனை மிஷினில் உட்கார வைத்ததாகச் சொல்லிச் சிரித்தார். இப்போது ஒவ்வொரு காயிலும் அவர் கடையிலிருந்து கிளம்பும் முன் ப்ரைமரியில் 2 வோல்ட், 100 கிலோஹெர்ட்ஸ் சைன் கொடுத்து செகண்டரியில் 1.00 வருகிறதா என்று பார்க்கிறார். 0.94 வந்தால் அது பதினேழு. அதற்கென்று நாங்கள் ஒரு சின்ன ஜெனரேட்டர் பெட்டி செய்து கொடுத்தோம். அதன் சப்ளைக்கு ஐசொலேஷன் கிடையாது. 9 வோல்ட் அடாப்டர்.